புதுச் செருப்பு கடித்த கதைகள்

கடிபட்டவன்

தங்கை கல்யாணத்தில் வேட்டிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கோலாப்பூர் செருப்பு வாங்கினேன். பெலகாவியில் வேலை பார்க்கும் நண்பன் கொண்டுவந்து கொடுத்தான். எருமைத் தோல், கையால் தைத்தது, ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பார்க்க அழகு, போட்டால் பலகை. முகூர்த்தத்தன்று விடியற்காலையில்தான் முதன்முதலாகக் காலில் மாட்டினேன். வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டியதும் நான்தான். முதல் பந்தி எழுவதற்குள் பெருவிரல் வளையம் தோலை உரித்துவிட்டது. பாதத்தின் மேல்பக்கம் பட்டை பதிந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. கழற்றித் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். “ஏதாவது வேண்டுதலா?” என்று பெரியப்பா அக்கறையாகக் கேட்டார்.

இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகும் என்கிறான் நண்பன். எண்ணெய் போடு என்கிறார் அம்மா. பட்டவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காற்று

தண்ணீர் வேண்டாம். எண்ணெயிலும் எது என்று பார்த்துப் போடுங்கள். குன்னூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் கெட்டித் தோல் பூட்ஸ் வாங்கி, தாராளமாகத் தேங்காய் எண்ணெய் பூசி வைத்தேன். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். தலைக்குத் தேய்க்கும்போது நன்றாகத் தெரிந்த விஷயம், பூட்ஸுக்குத் தேய்க்கும்போது மறந்துவிட்டது. காலையில் தையல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அது போகட்டும், துடைத்துவிட்டேன். அடுத்த வாரம் மழையில் தொப்பலாக நனைந்ததை அடுப்புப் பக்கத்தில் காயவைத்தேன் பாருங்கள், அதுதான் மகா தவறு. மறுநாள் கால் உள்ளே போகவில்லை. மடிப்பு விழும் இடத்தில் விரிசல். வாங்கிப் பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை.

பழைய தோல்

ராணிப்பேட்டையில் முப்பது வருடம் தோல் பதனிடும் தொழிலில் இருந்தவன். மலைக்காற்று அவர்களுக்கு நடந்தது என்ன என்று சொல்கிறேன்.

தோல் என்பது பின்னிப் பிணைந்த நார். பதனிட்டு முடிந்ததும் அதற்கு எண்ணெய் ஊட்டுவோம். ஒரு நாருக்கும் மறு நாருக்கும் நடுவில் எண்ணெய் இருந்தால்தான் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், தோல் மடியும். பிறகு ஸ்டேக்கிங் இயந்திரத்தில் விட்டுத் தட்டி, இழுத்துத் தளர்த்துவோம். செருப்பின் மேல்பாகத்துக்குப் போகும் தோலுக்கு இத்தனையும் உண்டு. அடிப்பாகத்துக்குப் போகும் தோலுக்கோ எண்ணெய் கொஞ்சம்தான். அழுத்தி உருட்டி வேண்டுமென்றே இறுக்குவார்கள். நனைந்த தோல் வேகமாகக் காய்ந்தால் நார்கள் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் சுருங்கியே போகும். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல், ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரியிலேயே சுருங்கிவிடும். மரப்பட்டைக்குப் பதில் குரோம் உப்பு போட்டு நன்றாகப் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை. கோலாப்பூர் செருப்புக்குக் கருவேலம் பட்டையும் கடுக்காயும். ஆகவே தம்பி, அதை ஊறவைத்தால் செருப்பும் போச்சு, தையலும் போச்சு.

விளக்கெண்ணெய் எடுங்கள். செருப்பின் மேல்பட்டைக்கு அடிப்பக்கத்திலும் ஓரங்களிலும் வளையத்தின் உள்பக்கத்திலும் துணியால் தொட்டுத் தடவுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம். ஓர் இரவு விட்டு, துடைத்து, வீட்டுக்குள் அரை மணி நேரம் நடங்கள். நிறம் கொஞ்சம் கறுக்கும், பரவாயில்லை. இயந்திரம் செய்யாமல் விட்டதை உங்கள் கால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஊர்க்கூத்து

எங்கள் ஊரில் பறையை நெருப்பில் காட்டித்தானே வாசிக்கிறார்கள்? அது கெடவில்லையே ஐயா?

பழைய தோல்

பறைக்குப் போர்த்துவது பதனிடாத தோல். அது விறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நெருப்பில் காட்டுகிறார்கள். செருப்பு விறைக்க வேண்டுமென்றால் நீங்களும் காட்டலாம்.

விக்கெட்டுக்குப் பின்னால்

புது கீப்பிங் கிளவுஸ் போட்டு ஆடிய முதல் ஆட்டத்தில் மூன்று கேட்ச் விட்டேன். பந்து சுவரில் பட்டதுபோல் தெறித்தது. பந்துவீச்சாளர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதன் பிறகு தினமும் மாலையில் சுவரில் பந்தை அடித்து நூறு முறை பிடித்தேன். இரவில் உள்ளங்கைக்குள் ஒரு பழைய பந்தை வைத்து, விரல்களை மடக்கிக் கயிற்றால் கட்டி வைத்தேன். மூன்றாவது வாரம் கை தானாக மடங்கியது. வியர்வையில் நனைந்ததை நிழலில் காற்றாட விடுவேன், வெயிலில் ஒருநாளும் வைப்பதில்லை. எண்ணெய் பக்கமே போகவில்லை. உள்ளங்கை ரப்பர் வழுக்கினால் பிறகு எதற்குக் கிளவுஸ்?

இரண்டாவது மகள்

எல்லோரும் சிரித்துக்கொண்டு எழுதுகிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று. என் அம்மாவுக்குச் சர்க்கரை, பதினைந்து வருடமாக. புதுத் தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தது நான்தான். “கடிக்கிறதா அம்மா?” என்று கேட்டேன், “மெத்தென்று இருக்கிறது” என்றார். நரம்பு மரத்துப்போன கால், அதற்கு எங்கே தெரியும்? நான்காம் நாள் காலைக் கழுவிவிடும்போது பார்த்தால் சுண்டுவிரல் ஓரத்தில் புண். ஆற இரண்டு மாதம் ஆனது. கடித்துப் பழகட்டும் என்பது அவர்களுக்குப் பொருந்தாது. இப்போது மருத்துவர் சொன்னபடி எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் வைத்தது. புதிது வாங்கினால் முதலில் ஒரு மணி நேரம்தான். கழற்றியதும் விரல் இடுக்குவரை நானே பார்க்கிறேன்.

கடிபட்டவன்

அம்மா இப்போது நலமா? என் தந்தைக்கும் சர்க்கரை உண்டு, இன்றே அவர் செருப்பைப் பார்க்கிறேன்.

விளக்கெண்ணெய் தடவிப் பதினோரு நாள் ஆகிறது. பட்டை வளைகிறது. வலது வளையம் இன்னும் முறைக்கிறது, அதற்கு இன்று மூன்றாவது பூச்சு. ‘கறக் கறக்’ என்ற சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் மாடிப்படி ஏறினால் கீழ்வீட்டு நாய் குரைக்கிறது.