புதுப்பிப்பு: ஸ்கார்பரோ வீட்டின் ஃபர்னஸும் ஏசியும்

கனடாவின் டொராண்டோவில், ஸ்கார்பரோ பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் பழைய எரிவாயு ஃபர்னஸும் (குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி) ஏசியும் ஒருசேரத் தளர்ந்துவிட்டன, இரண்டையும் சேர்த்தே மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்த்தே மாற்றிவிட்டோம். ஏசியின் குளிர்ச்சுருள் ஃபர்னஸின் மேல்தான் உட்கார்கிறது. இரண்டுக்கும் ஒரே ஊதுவிசிறி. பிரித்து வாங்கினால் கூலியை இருமுறை கொடுக்க வேண்டும்.

தேவைக்குப் பெரிய அளவில் வாங்கிவிடாதீர்கள் என்று நீங்கள் எச்சரித்தது முற்றிலும் சரி. விலை சொல்ல முதலில் வந்த இரு ஒப்பந்தக்காரர்களும் பழைய பெட்டியின் ஒட்டுச்சீட்டைப் பார்த்தே ஃபர்னஸுக்கு 1,00,000 பிடியூ (மணிக்குத் தரும் வெப்ப அளவு), ஏசிக்கு 3 டன் (குளிர்விக்கும் திறனின் அளவு) என்று எழுதிவிட்டார்கள். மூன்றாமவர் சன்னல், சுவர், பரணின் வெப்பக்காப்பு எல்லாம் அளந்து, அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டார்: 60,000 பிடியூ, 2 டன் போதும். தேவைக்குப் பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரம் போகாது. ஜூலைப் புழுக்கத்தில் எங்களுக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது!

யாரும் சொல்லாத ஒன்று. புதிய 96 சதவீதத் திறன் ஃபர்னஸின் புகை, பிளாஸ்டிக் குழாய் வழியே பக்கச் சுவரில் வெளியேறுகிறது. பழைய புகைபோக்கியை இப்போது எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் மட்டுமே பயன்படுத்துகிறது. அதற்கு அந்தப் புகைபோக்கி மிக அகலம். புகை மேலே ஏறாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். உள்ளே ஒடுங்கிய உலோகக் குழாய் இறக்கச் சொன்னேன். விலைப்பட்டியலில் அது இல்லாவிட்டால் கட்டாயம் கேளுங்கள்.

வெப்ப விசைக்குழாய் (heat pump: கோடையில் ஏசி போலக் குளிர்விக்கும், குளிரில் சூடாக்கவும் செய்யும்) பற்றிக் கேட்டவர்களுக்கு: பழைய ஏசிக்குப் பதில் அதையே வைத்தோம். மிதமான குளிரில் வீட்டைச் சூடாக்க அது, கடுங்குளிரில் ஃபர்னஸ். சனவரிக் கட்டணம் வந்ததும் எழுதுகிறேன்.