புதுப்பிப்பு: பட்டமளிப்பு விழாவுக்குப் போய் வந்தேன்

44 வயதில் ஆன்லைனில் பி.காம். முடித்திருக்கிறேன், பட்டத்தை நேரில் போய் வாங்குவதா, தபாலில் வரவழைப்பதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போகச் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. போனேன்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, இரவு சேரன் எக்ஸ்பிரஸில் நானும் மகளும் அத்தையும் சென்னைக்குக் கிளம்பினோம். தூக்குப்போசியில் அத்தை கட்டிய புளிச்சோறு.

அங்கி வாங்கும் வரிசையில், "அக்கா, நீங்கள்தானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மூன்று ஆண்டுகள் இரவு வகுப்புகளில் கேட்ட குரல். முகத்தை அன்றுதான் பார்த்தேன். காங்கேயத்தில் எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் தம்பி. இருவருக்கும் பேச்சே வரவில்லை.

மேடையில் என் பெயரை வாசித்தது காதில் விழவில்லை, மகள் கத்தியதுதான் விழுந்தது. சான்றிதழுக்காக நீட்டிய கையில், பிசிறு வெட்டும் கத்தரி அழுத்திக் காய்த்துப்போன தழும்பு பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

இந்தப் பட்டம் செல்லுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரிலும் குழு இதைத் தெளிவுபடுத்தியது. சேரும் முன் அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. திரும்பும் ரயிலில் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு, "உன் பேர் எது சாமி?" என்றார். காட்டினேன். சேலம் வரும்வரை அங்கிருந்து விரலை எடுக்கவில்லை.