எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பின் ரோட்டர் முதலாம் பிளக்கின் பக்கம் நிற்கவில்லை: மொரிஸ் மைனர் 1000

கேள்வி (ஹட்டனிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் நெடுங்காலமாகப் பாதுகாத்து வரும் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 காரின் 948 சி.சி. எஞ்சினை முழுவதுமாகப் பிரித்து, சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து, கிராங்க் தண்டைக் கிரைண்ட் செய்து, புதிய பெயாரிங்குகளுடன் எங்கள் கொட்டகையிலேயே பூட்டி முடித்திருக்கிறோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றியபோது எண்ணெய் எச்சரிக்கை விளக்கு ஒழுங்காக அணைந்தது. ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு சமயம் காபரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கிறது, இன்னொரு சமயம் சைலன்சரில் வெடிக்கிறது.

கிராங்க் கப்பியின் வெட்டை டைமிங் மூடியிலுள்ள மிக நீளமான முள்ளுக்கு நேராக வைத்த பிறகுதான் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் பற்சக்கரத் தண்டை உள்ளே இறக்கினேன். இப்போது அதே நிலையில் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தால், அதனுள் சுழலும் ரோட்டர் முதலாம் பிளக்கின் முனையை நோக்காமல், நான்காம் முனையைத் தாண்டி இரண்டாம் முனைக்குப் போகும் வழியில் நிற்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்று பார்த்தால், அதன் பக்கத்தில் பூட்டியுள்ள வெக்குவம் டப்பா எஞ்சினில் இடிக்கிறது. பிளக் வயர்களை இடம் மாற்றினால் போதும் என்கிறார் இங்குள்ள கராஜ் பாஸ் ஒருவர். தண்டை மறுபடியும் வெளியே எடுக்க வேண்டும் என்பது தந்தையாரின் எண்ணம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (பண்டாரவளையிலிருந்து)

தம்பி, தந்தையார் சொல்வதே சரி. உங்கள் எஞ்சினில் ஒன்றல்ல, இரண்டு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும்.

முதலாவது, கப்பியின் வெட்டு முள்ளுக்கு நேராக வருவது, முதலாம் பிஸ்டன் மேல் உச்சத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. நான்கு அடிப்பு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ரோட்டர் ஒரு சுற்றுத்தான் சுற்றும் என்பதால், அந்த வெட்டு ஒரு தடவை அமுக்க அடிப்பின் முடிவிலும், மறு தடவை வெளியேற்ற அடிப்பின் முடிவிலும் நேராக வந்து நிற்கும். நீங்கள் இரண்டாவதில் தண்டை இறக்கியிருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. இரண்டாவது, தண்டின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டின் பற்களோடு கோர்க்கும்போது தண்டு தானாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தை முன்கூட்டியே கணக்கில் எடுக்காமல் இறக்கினால், பல் தவறி அமர்ந்துவிடும்.

பிளக்குகள் நான்கையும் கழற்றி, வால்வு மூடியையும் எடுத்துவிட்டு, முன்பக்கத்து ஹெண்டிலால் எஞ்சினை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். முதலாம் பிளக் துளையில் பெருவிரலை வைத்திருந்தால் காற்று விரலைத் தள்ளும். அதைவிட உறுதியான அடையாளம் நான்காம் சிலிண்டரின் வால்வுகள்தான்: வெளியேற்ற வால்வு மூடி முடியும் தறுவாயிலும் உள்ளெடுக்கும் வால்வு திறக்கத் தொடங்கும் தறுவாயிலும் இருந்து, கப்பியின் வெட்டும் நீண்ட முள்ளுக்கு நேராக நின்றால், முதலாம் பிஸ்டன் அமுக்க அடிப்பின் உச்சத்தில் இருக்கிறது என்று துணிந்து நம்பலாம். அப்போது முதலாம் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் ரொக்கர்கள் இரண்டும் தளர்வாக இருக்கும். அந்த இடத்திலிருந்து எஞ்சினை அசைக்க வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் கூட்டையும் எடுத்துவிட்டு, ஏறத்தாழ 3½ அங்குல நீளமுள்ள 5/16 அங்குல யூ.என்.எஃப். (நுண்மரை) போல்ட் ஒன்றைத் தண்டின் தலையிலுள்ள மரையில் சுற்றி, அதையே கைப்பிடியாகக் கொண்டு வெளியே இழுங்கள். வேறு மரையுள்ள போல்ட்டைப் பலவந்தமாகச் சுற்றினால் தண்டு பாழாகும். பொருத்தமானது ஊரில் அகப்படாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். தண்டின் தலையிலுள்ள வெட்டு நடுவில் அமைந்ததல்ல, ஒரு பக்கத்து அரைவட்டம் மற்றதைவிடப் பெரியது என்பதைக் கவனியுங்கள். பெரிய பக்கம் மேலே இருக்க, வெட்டைக் கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடித்து உள்ளே இறக்குங்கள். பற்கள் கோர்க்கும்போது அது இடஞ்சுழியாகத் திரும்பி, மணிக்கூட்டில் 1 மணி காட்டும் திசையில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சலிப்படையாமல் மீண்டும் எடுத்து ஒரு பல் மாற்றி இறக்குங்கள். எனக்கு முதல் தடவை நான்கு முயற்சிகள் தேவைப்பட்டன. கூட்டைப் பிடிக்கும் போல்ட்டின் தலை கூட்டின் முகத்துக்கு மேலே எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் சரியாக அமராது.

அதன் பின் ரோட்டர் நோக்கும் முனையே முதலாம் பிளக்குக்கு உரியது. அங்கிருந்து ரோட்டர் சுழலும் இடஞ்சுழித் திசையில் 1, 3, 4, 2 என்று வயர்களைப் பூட்டுங்கள்.

பதில் 2 (மாத்தளையிலிருந்து)

வயர்களை இடம் மாற்றுவது தவறான வழி என்று முழுமையாகத் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. ரோட்டர் நேர் எதிராக நின்றால் ஒன்றையும் நான்கையும், மூன்றையும் இரண்டையும் மாற்றிப் பூட்டினால் எஞ்சின் குறையின்றி ஓடும். என் ஒஸ்டின் கார் அப்படித்தான் பல ஆண்டுகள் ஓடியது.

பதில் 3 (பண்டாரவளையிலிருந்து)

மாத்தளை நண்பர் சொல்வது உண்மை. நேர் எதிராக நிற்கும் காருக்கு அது பொருந்தும். ஆனால் இந்தத் தம்பியின் ரோட்டர் இரண்டு முனைகளுக்கு நடுவே நிற்கிறது. வயரை மாற்றினால் கால் சுற்றுக் கால் சுற்றாகத்தான் நகர்த்த முடியும். எஞ்சிய கோணத்தை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித்தான் ஈடுசெய்ய வேண்டும், அதற்கு வெக்குவம் டப்பா இடம் கொடுக்கவில்லை. மேலும், இந்தக் கார்கள் கைமாறிக்கொண்டே இருப்பவை. அடுத்து மூடியைத் திறப்பவர் புத்தகத்தைப் பார்த்து வயர்களை முறைப்படி பூட்டினால், அன்றைக்கே அந்த எஞ்சின் நின்றுவிடும்.

பதில் 4 (நுவரெலியாவிலிருந்து)

டைமிங்கைப் பற்றி, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பற்றி, ஒரு வார்த்தை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்டின் இடைவெளியை முதலில் 0.014 முதல் 0.016 அங்குலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; அதை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிறகு, உச்சத்துக்கு முன் எத்தனை பாகை என்று உங்கள் எஞ்சினின் கையேடு சொல்கிறதோ அந்த இடத்தில் கிராங்கை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு வயர் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் 12 வோல்ட் பல்ப் ஒன்றை இணைத்து, சாவியைத் திறந்து, பல்ப் எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்குங்கள்.

நம் மலைநாட்டில் பலர் டைமிங்கை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி வைப்பார்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான்; சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவதால் எஞ்சின் அதைப் பொறுத்துக்கொள்ளும், இழுவையும் கூடியதுபோலத் தெரியும். ஆனால் அதே கார் கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்கி, 92 ஒக்டேன் பெற்றோலை நிரப்பிக்கொண்டு சூட்டோடு திரும்ப ஏறத் தொடங்கும்போது, ஆணியைச் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். புதிய பிஸ்டன்களுக்கு அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. கையேட்டில் உள்ள அளவிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் (ஹட்டனிலிருந்து)

ஐயாமார் எல்லோருக்கும் எங்கள் இருவரின் நன்றி. வால்வு மூடியை எடுத்துப் பார்த்தபோது, நான்காம் சிலிண்டரின் ரொக்கர்கள் தளர்ந்தும் முதலாம் சிலிண்டரின் வால்வுகள் ஒன்று மூடி மற்றது திறக்கும் நிலையிலும் இருந்தன. பண்டாரவளை ஐயா ஊகித்தது அப்படியே இருந்தது. கிராங்கை மேலும் ஒரு சுற்றுச் சுற்றி, தண்டை மூன்றாம் முயற்சியில் 1 மணித் திசையில் அமர்த்தினோம். வெக்குவம் டப்பா இப்போது எதிலும் படவில்லை. பல்ப் வைத்து டைமிங்கை இறுக்கியதும் எஞ்சின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தந்தையார் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் அதன் பக்கத்திலேயே நின்றார்.

பதில் 5 (பண்டாரவளையிலிருந்து)

மிகுந்த மகிழ்ச்சி, தம்பி. பொயின்ட் புதிது என்றால், 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். அதில் கேமோடு உராயும் நார்க்குதி தேயத் தேய இடைவெளி குறுகி, டைமிங் பின்னே போகும்.