ஆக்கத்திரிபு: ஒரே ரகப் போர்விமானத்துக்குள் வரும் வேறுபாடுகளுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே ரக விமானத்தில் ஆலைக்கு ஆலை, மாதத்துக்கு மாதம் தெரியும் வேறுபாட்டை ‘உற்பத்தி வேறுபாடு’ என்றால் போதும் என்று இங்கே ஒரு கருத்து வந்தது. எனக்கு உடன்பாடில்லை. அதைப் படிப்பவர், உற்பத்தி எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்றுதான் நினைப்பார். ‘ஆலை வேறுபாடு’ தேவலை, ஆனால் பாதியைத்தான் பிடிக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் ஜி-10 என்ற ரகத்துக்கு அது சரியாகப் பொருந்தும். லைப்சிக்கின் எர்லா, ரெகன்ஸ்பர்க், வீனர் நாய்ஷ்டாட் என்று மூன்று ஆலைகள் அதைச் செய்தன. எஞ்சின் ஒன்றுதான், டைம்லர்-பென்ஸ் 605டி. ஆனால் மற்ற இரண்டு ஆலைகளின் விமானத்தில் மூக்கின் அடியில் இருபக்கமும் சின்னப் புடைப்பு இருக்கும். எர்லா மட்டும் எஞ்சின் மூடியையே அகலமாக்கி வழவழப்பாக முடித்தது. மங்கலான பழைய படத்தில் வாலிலுள்ள தொடர் எண் தெரியாவிட்டாலும், மூக்கைப் பார்த்தே எர்லா செய்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

அதே 109இன் முந்தைய ரகமான ஜி-6 விஷயம் வேறு. 1943இல் வந்தவற்றில் விமானியின் தலைக்கு மேல் கனத்த சட்டங்கள் போட்ட கண்ணாடி மூடியும் உலோக வாலும் இருந்தன. 1944இல் சட்டம் குறைந்த மூடியும் உயரமான மர வாலும் வந்தன. பெயர் ஜி-6தான். இரண்டும் ஒரே நாளில் மாறவில்லை, அதனால் புது வாலும் பழைய மூடியுமாகக் கலந்த விமானங்களும் உண்டு. இதை எப்படி ஆலை வேறுபாடு என்பது?

1943 ஆகஸ்ட் குண்டுவீச்சில் ரெகன்ஸ்பர்க்கும் வீனர் நாய்ஷ்டாட்டும் அடிபட்ட பிறகு வேலை பல இடங்களுக்குச் சிதறியது. ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் கைதிகளை அடிமைகளாக வைத்து 109க்குப் பாகங்கள் செய்ய வைத்தார்கள். இந்த உலோகத் தகடுகளைப் பற்றி எழுதும் எவரும் அதை விட்டுவிடக் கூடாது.

என் பரிந்துரை ‘ஆக்கத்திரிபு’. தொல்காப்பியம் சொற்கள் சேரும் புணர்ச்சியில் மெய்பிறிதாதல் (ஓர் எழுத்து வேறாவது), மிகுதல் (கூடுவது), குன்றல் (குறைவது) மூன்றையும் திரியும் வழிகளாகச் சொல்கிறது. ஜி-6இல் மூன்றுமே உண்டு. உலோக வால் மர வாலானது மெய்பிறிதாதல். முதுகில் திசையறியும் வளைய ஆன்டெனா சேர்ந்தது மிகுதல். பிந்தைய விமானங்கள் பலவற்றில் ஆன்டெனாக் கம்பம் போய்விட்டது குன்றல். ‘திரிபு’ மட்டும் என்றால் கொரோனா வைரஸ் நினைவுக்கு வரும், அல்லது செய்தியைத் திரிப்பது. ‘ஆக்கம்’ முன்னால் நின்றால் அந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம், எல்லையையும் வகுத்துக்கொள்வோம். 30 மி.மீ. பீரங்கி பொருத்திய ஜி-6/யு4 போன்றவை ஆலையிலேயே மாறியவைதான். ஆனால் அந்த மாற்றம் பெயரிலேயே பதிவாகிவிட்டது, அதனால் அவற்றை ‘துணைரகம்’ என்பேன். பெயரில் ஏறாத மாற்றத்துக்கு மட்டும் ஆக்கத்திரிபு. விமானதளத்திலேயே பொருத்தக்கூடிய கூடுதல் எரிபொருள் தொட்டி போன்றவற்றுக்கு ‘களப்பொருத்து’ என்று வைக்கலாமா? அதில்தான் எனக்கு இன்னும் தயக்கம். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.