விண்கலத்தில் இலையோசை

[எங்கள் குடும்பம் – வாட்ஸ்அப் குழு]

கயல்விழி, இரவு 8:12
பெரியப்பா, வரும் வெள்ளிக்கிழமை வகுப்பில் ரஷ்ய இயக்குநர் ஆந்திரேய் தார்கோவ்ஸ்கியின் அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றி நான் பேச வேண்டும். ‘சோலாரிஸ்’ பார்த்துவிட்டேன். விண்வெளிப் படத்தில், ஒரு நெடுஞ்சாலையில் கார் போவதையே ஏறத்தாழ ஐந்து நிமிடம் காட்டுவது எதற்காக என்றுதான் விளங்கவில்லை.

பெரியப்பா, 8:20
அது டோக்கியோவில் எடுத்த காட்சி, கயல். எதிர்கால நகரத்தை அரங்கில் கட்டி எழுப்பாமல், மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் நிறைந்த ஓர் உண்மையான நகரத்தையே அவர் எதிர்காலமாக்கிக்கொண்டார். காட்சி நீளம் என்பதை நானும் மறுக்கமாட்டேன். எங்கள் திரைப்படச் சங்கத்தில் திரையிட்டபோது, அந்த இடத்தில்தான் பலர் தேநீர் குடிக்க எழுந்து போனார்கள்.

சித்தப்பா, 8:24
அண்ணா, 1968-இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் குப்ரிக் காட்டிய விண்கலத்துக்கு முன்னால் இது பழைய ஆலைபோல் இருக்கிறதே, பணம் போதாமல் போனதா?

பெரியப்பா, 8:37
பணம் மட்டும் காரணமில்லை, தம்பி. குப்ரிக்கின் படம் தார்கோவ்ஸ்கிக்கு உயிரற்றதாகத் தோன்றியது. கருவிகளின் பளபளப்பு மனிதனை மறைத்துவிடக் கூடாது என்று நினைத்தார். அதனால்தான் ‘சோலாரிஸ்’ கோளின் ஆய்வு நிலையத்தில் இருப்பவர்கள் காற்று வரும் துளையில் காகிதக் கீற்றுகளை ஒட்டிவைத்து, அவை சலசலப்பதைப் பூமியின் இலையோசையாகப் பாவித்துக்கொண்டு இரவைக் கழிக்கிறார்கள். நாவலை எழுதிய போலந்து எழுத்தாளர் லெம்முக்குப் படம் பிடிக்கவில்லை. அந்நியக் கோளைப் பற்றிய கதை குற்றவுணர்வைப் பற்றிய கதையாகிவிட்டது என்பது அவருடைய வருத்தம். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் 1972-இல் கான் விழாவின் நடுவர் குழுச் சிறப்புப் பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

அத்தை, 8:41
மூன்று பேர் புல்வெளியில் நடந்துகொண்டே இருக்கும் படமும் அவருடையதுதானே, அண்ணா?

பெரியப்பா, 8:58
ஆம், ‘ஸ்டாக்கர்’, 1979. எஸ்தோனியாவில் தாலின் நகரத்தை ஒட்டி, கைவிடப்பட்ட மின்நிலையங்களுக்கு நடுவே எடுத்தார்கள். 1977-இல் எடுத்த வெளிப்புறக் காட்சிகளின் படச்சுருள், மாஸ்கோவில் கழுவியபோது பயன்படாமல் போயிற்று. சுருளின் குற்றமா, கழுவியவர்களின் குற்றமா என்ற சச்சரவில் ஒளிப்பதிவாளர் ரெர்பெர்க் விலக்கப்பட்டார். இரண்டு பாகப் படமாக எடுப்பதாகச் சொல்லிக் கூடுதல் பணமும் காலமும் பெற்று, தார்கோவ்ஸ்கி மறுபடி தொடங்கினார். அந்த இடைவெளியில் மூலக்கதையை எழுதிய ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்கள் திரைக்கதையைத் திருத்தி எழுத, முரட்டுக் கடத்தல்காரனாக இருந்த நாயகன் தொட்டால் அழுதுவிடும் நம்பிக்கையாளனாக மாறினான். சுருள் கெடாமல் இருந்திருந்தால் நமக்கு வேறொரு படம்தான் கிடைத்திருக்கும்.

கயல்விழி, 9:03
அப்படியானால் வகுப்பில் எந்தக் காட்சியைத் திரையிடலாம், பெரியப்பா?

பெரியப்பா, 9:09
மூவரும் தண்டவாளத் தள்ளுவண்டியில் ‘மண்டலம்’ என்னும் தடைசெய்யப்பட்ட மர்மப் பகுதிக்குள் போகும் காட்சியைப் போடு. பழுப்பு நிறத்தில் அவர்கள் முகங்கள் மட்டுமே தெரியும். சக்கரங்களின் தடதடப்பு மெல்ல மெல்ல இசையமைப்பாளர் ஆர்த்தேமியேவின் மின்னணு இசையாக உருமாறும். வண்டி நின்றதும் பச்சை நிறம் கண்ணில் அறையும். ஒரு கருவியும் காட்டாமல் தார்கோவ்ஸ்கி வேற்றுலகத்துக்குள் நுழைந்துவிடுகிறார் பார். வகுப்பறை ஒலிபெருக்கியை மட்டும் முந்தின நாளே சோதித்துவிடு. மடிக்கணினியின் ஒலியில் அந்த மாற்றம் யார் காதிலும் விழாது.