இரண்டாம் பொது வாக்கெடுப்பு எப்போது நியாயம்?

தேக்காவாசி:
தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு விவாதத் தலைப்பு: "நாட்டைப் பிளவுபடுத்திய கேள்விக்கு மறுபடியும் பொது வாக்கெடுப்பு நடத்தலாமா?" பிள்ளைகள் எல்லாரும் பிரெக்சிட்டையே, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற முடிவெடுத்ததையே, பிடித்துக்கொள்கிறார்கள்: 2016இல் வெளியேற 51.9 விழுக்காடு, நீடிக்க 48.1. வேறு என்ன உதாரணம் கொடுக்கலாம்? "ஒருமுறை கேட்டாயிற்று, முடிந்தது" என்று எதிரணி அடித்துப் பேசினால் என்ன பதில்?

மெய்யறிவன்:
நடத்தலாம். ஆனால் மக்கள் முன்னால் வைக்கிற விஷயம் மாறியிருக்க வேண்டும். டென்மார்க் 1992 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 விழுக்காட்டில் நிராகரித்தது. அரசாங்கம் அதே தாளை மறுபடி நீட்டவில்லை. டிசம்பரில் எடின்பரோவில் பேசி, பொது நாணயம், தற்காப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கிலும் விலக்கு வாங்கியது. 1993 மே மாதம் 56.7 விழுக்காடு ஆதரவு. அயர்லாந்தும், ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008இல் மறுத்து, வரி, ராணுவ நடுநிலை, கருக்கலைப்பு பற்றி உறுதிமொழி பெற்ற பிறகே 2009இல் 67.1 விழுக்காட்டில் ஏற்றது. எதிரணி கெட்டியாக இருந்தால் இங்கேதான் குத்தும்: அயர்லாந்தின் இரண்டு வாக்கெடுப்புக்கும் நடுவில் நிதி நெருக்கடி வந்தது, மனம் மாறியது உறுதிமொழியாலா பயத்தாலா என்று. அதற்குப் பிள்ளைகள் தயாராக இருக்கட்டும்.

வாக்குச்சீட்டு:
வாக்குச்சீட்டில் என்ன அச்சாகிறது என்பதை விட்டுவிடாதீர்கள், பாதிச் சண்டை அங்கேதான். நம் சிங்கப்பூரிலேயே 1962 செப்டம்பர் 1 வாக்கெடுப்பு இருக்கிறது. ஏ, பி, சி என்று மூன்று தெரிவுகள். மூன்றுமே மலாயாவுடன் இணைவதற்கானவை. "இணைப்பே வேண்டாம்" என்பவருக்குக் கட்டம் இல்லை, வாக்களிப்பதோ கட்டாயம். எதிர்க்கட்சியான பாரிசான் சோசியலிஸ் வெற்றுச் சீட்டுப் போடச் சொன்னது. சுமார் 25 விழுக்காடு அப்படியே விழுந்தது. ஏ தெரிவுக்கு 71. இந்த வாக்கெடுப்பை எதிர்த்தவர்கள் எப்படி மனதார ஏற்பார்கள்?

பிரிட்டனில் இன்னொரு முறை கேட்டிருந்தால் இதே சிக்கல்தான்: நீடிப்பது, ஒப்பந்தத்தோடு வெளியேறுவது, ஒப்பந்தமின்றி வெளியேறுவது. மூன்றையும் ஒரே சீட்டில் போட்டு, அதிக வாக்கு பெற்றதுதான் முடிவு என்றால், வெளியேறும் தரப்பின் வாக்கு இரண்டாக உடையும். நியூசிலாந்து தேர்தல் முறையை மாற்றியபோது இதைப் பக்குவமாகச் செய்தது. 1992இல் மாற்றம் வேண்டுமா, வேண்டுமென்றால் நான்கு புதிய முறைகளில் எது என்று கேட்டது. 1993இல், வென்ற முறையையும் பழைய முறையையும் மட்டும் நேருக்கு நேர் நிறுத்தியது.

தேக்காவாசி:
நன்றி. "மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்" என்று நிபந்தனை போட்டால் தகராறு தீராதா?

மெய்யறிவன்:
முதல் வாக்கெடுப்புக்கு முன்பே போட்டிருந்தால் சரி. சிங்கப்பூர் அரசியலமைப்பில், இறையாண்மையை விட்டுக்கொடுக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி. முதல் முறை சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றுவிட்டு, அடுத்த முறை மட்டும் வரம்பை உயர்த்தினால் வென்றவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். முன்பே அறிவித்தாலும் மனக்கசப்பு வரும்: 1979இல் ஸ்காட்லந்தில் தனிச் சட்டமன்றம் அமைக்க 51.6 விழுக்காடு ஆதரவு, ஆனால் பதிவுசெய்த மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும் என்ற விதியால் தோற்றது.

வாக்குச்சீட்டு:
கால அளவையும் சேருங்கள். பிரிட்டனில் சட்டம் இயற்றி, கேள்வியைச் சோதித்து, பிரசாரம் முடிய குறைந்தது 22 வாரம் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் அரசியலமைப்புப் பிரிவு 2018இல் கணக்கிட்டது. கேள்விச் சோதனையைச் சுருக்கக் கூடாது. 2015இல் பிரெக்சிட் வாக்கெடுப்பு மசோதாவில் இருந்தது "நீடிக்க வேண்டுமா?" என்ற ஆம், இல்லை கேள்வி. அது ஒரு பக்கம் சாய்வதாகத் தேர்தல் ஆணையம் சொன்ன பிறகே "நீடிப்பதா, வெளியேறுவதா" என்று மாறியது.