பொலன்னறுவை, அனுராதபுரம் பௌத்த இடிபாடுகள்: சைக்கிளில் பார்க்க வழி சொல்லுங்க

பாம்பன்_பெடல்:
மார்ச்சில் மூணு பேர் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலில் போறோம். தேவிபட்டினம், அழகன்குளம் பக்கமெல்லாம் ஓட்டிப் பழக்கம். நாளுக்கு 40 கிலோமீட்டர் தாங்கும். சொந்த சைக்கிளைக் கொண்டு போகணுமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா? ஊருக்கு ஒரு நாள் போதுமா?

கச்சான்காத்து:
வாடகைக்கே எடுங்க தம்பி. இரண்டு ஊரிலும் தங்குமிடத்திலேயே கிடைக்கும், தரையும் சமதளம். மாதமும் சரிதான். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அங்கேயும் நம்ம ஊர் மாதிரியே கச்சான் (தென்மேற்குக் காத்து) போட்டு அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, கப்பலையும் நிறுத்திடுவாங்க.

பொலன்னறுவைக்கு ஒரு நாள் போதும், ஆனா காலை 7 மணிக்கே உள்ளே இருக்கணும். டிக்கெட் பராக்கிரம சமுத்திரக் கரை மியூசியத்தில். இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குப் பாதிக் கட்டணம், பாஸ்போர்ட் அசலையே காட்டணும்.

எல்லாரும் வாசல் பக்கத்து நாற்கோண முற்றத்திலேயே ஆரம்பிச்சு, பாறையில் செதுக்கின புத்தர் சிலைகள் இருக்கிற கல் விகாரைக்கு உச்சி வெயிலில் போய்ச் சேருவாங்க. அங்கே செருப்பும் தொப்பியும் கழற்றணும். மணலும் பாறையும் 11 மணிக்கெல்லாம் கொதிக்கும். அதனால வடக்குக் கோடியிலிருக்கிற திவங்க சிலைமனைக்கு நேரா மிதிச்சுப் போயிடுங்க. உள்ளே ஜாதகக் கதை ஓவியங்கள், படம் எடுக்க விடமாட்டாங்க. அப்புறம் தெற்கே இறங்கி வரும் வழியில் கல் விகாரை. கிடந்த கோலத்துப் புத்தர் 14 மீட்டர் நீளம். தலையணையில் தலை அழுந்தின பள்ளத்தையும், மேல் பாதம் கீழ்ப் பாதத்தைவிடக் கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறதையும் கவனிங்க. உறக்கம் இல்லை, பரிநிர்வாணம் (புத்தரின் மறைவு)னு அந்தப் பாதத்தை வச்சுத்தான் சொல்வாங்க. கெட்டியான சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். முழங்காலும் தோளும் மூடியிருக்கணும், புத்தருக்கு முதுகு காட்டி செல்ஃபி கூடாது.

கல்வெட்டுப்பித்தன்:
தமிழ் தெரிஞ்சவங்க விட்டுடக் கூடாத இடம் ரெண்டு. ஒண்ணு, நாற்கோண முற்றத்தில் அடதாகேங்கிற பழைய கோயில் பக்கம் நிற்கிற வேளைக்காரர் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டுக் கல், புத்தரின் பல் இருந்த கோயிலை வேளைக்காரப் படை காவல் காப்பதாக ஒப்புக்கொண்ட செய்தி, தமிழில். வெயில் சாய்வா விழும் நேரத்தில்தான் எழுத்து கண்ணுக்குப் பிடிபடும். இன்னொண்ணு, பிரதான பாதையிலிருந்து கிழக்கே பிரியும் சந்தில் வானவன்மாதேவி ஈசுவரம். சோழர் கட்டின கற்றளி, பலகையில் 'இரண்டாம் சிவ தேவாலே'ன்னுதான் இருக்கும். பபலு விகாரைங்கிற தூபியும் அதே சந்துதான். சைக்கிளில் போறவங்க நேர்ப் பாதையிலேயே வேகமாப் போய் இதைத் தவற விடுறாங்க.

நாற்கோண முற்றத்து வட்டதாகே (வட்டமான தூபி மண்டபம்) படியடியில் சந்திரவட்டக்கல், அதாவது அரைவட்டமாச் செதுக்கின படிக்கல் இருக்கும். அனுராதபுரத்துக் கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது நாலும் வரும். இங்கே எருது கிடையாது. சைவர் வணங்குற நந்தியை மிதிக்கக் கூடாதுன்னுதான் விட்டாங்கன்னு பொதுவாச் சொல்றாங்க. ரெண்டு ஊரையும் பார்த்தாத்தான் இந்த வித்தியாசம் பிடிபடும், அனுராதபுரத்தை முதலில் வச்சுக்கோங்க. ஆனா அதுக்கு முழு நாள் வேணும். இசுருமுனிய விகாரையும் அபயகிரி விகாரையும் எதிரெதிர்க் கோடி. மகாபோதி (புனித அரசமரம்) வளாகத்துக்குள் சைக்கிள் போகாது, வெளியே பூட்டிட்டு நடக்கணும்.

பஞ்சர்_பெட்டி:
வாடகை வண்டியை வாங்கும்போதே பாருங்க. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்தினா பிரேக் கட்டையில் உரசாமல் சுத்தணும். செயினை நடுவில் அழுத்தினா ஒரு விரல்கடை இறங்கலாம், அதுக்கு மேல தொங்கினா மேட்டில் கழன்றுடும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வச்சா கால் நீட்டி நிக்கணும். குட்டை சீட்டில் ஒரு நாள் மிதிச்சா மறுநாள் முட்டி பேசும். 15ஆம் நம்பர் ஸ்பேனர், ஒட்டு, சொல்யூஷன், எமரித் தாள், சின்னப் பம்பு போதும். வால்டியூப் (வால்வு மேல மாட்டுற ரப்பர் குழாய்) ரெண்டு அங்குலம் தனியா வச்சுக்கோங்க, பழைய ட்யூபில் காத்து இறங்குறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

நம்ம கருவேலங்காட்டில் பழகினவங்களுக்குத் தெரியும்: ஒட்டு போட்டுட்டு டயருக்குள்ளே துணியை விட்டு ஒரு சுத்து துடைக்கணும். முள் முனை உள்ளேயே நின்னா அரை கிலோமீட்டரில் மறுபடி இறங்கும்.

அனுராதபுரம் – பொலன்னறுவை 100 கிலோமீட்டர் போல. அதை மிதிக்காதீங்க, பஸ்ஸில் போங்க. ஹபரணை தாண்டி மின்னேரியா காட்டில் சாயங்காலம் யானை ரோட்டுக்கு வரும். சைக்கிளில் திரும்பி ஓட முடியாது.

கச்சான்காத்து:
கப்பல் இறங்கினதும் நேரம் இருந்தா கந்தரோடை பௌத்த இடிபாட்டையும் பாருங்க. சுன்னாகம் பக்கம், துறையிலிருந்து 10 கிலோமீட்டர் அளவு. பலகையில் கதுறுகொடன்னு இருந்தா அதே இடம்தான். சின்னச் சின்ன தூபிகள், பவளக்கல்லில் கட்டினது. தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் பார்க்கிற அதே கல். அரை மணி போதும்.

பாம்பன்_பெடல்:
நன்றிண்ணே. பையைச் சைக்கிள் கூடையிலேயே விட்டுட்டு விகாரைக்குள் போகலாமா?

பஞ்சர்_பெட்டி:
பழமோ பிஸ்கட்டோ உள்ளே இருந்தா வேண்டாம். பொலன்னறுவைக் குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும்.